செங்கோட்டைச் சீமான்கள்

ஆற்காட்டில் பாலாற்றங்கரை ஓரமாக 'டில்லி கேட்' என்று ஒரு பழைய வாசல் நிற்கிறது. நவாபுகளின் கோட்டை எத்தனையோ பெரிதாக இருந்தது என்கிறார்கள். இன்று கண்ணுக்குத் தெரிகிற மாதிரி மிஞ்சியிருப்பது இந்த வாசல்தான். 1751-ம் வருஷம் ராபர்ட் கிளைவ் என்ற வாலிபன் சுமார் 200 வெள்ளைக்காரச் சோல்ஜர்களையும் 300 சிப்பாய்களையும் வைத்துக்கொண்டு ஐம்பது நாள் முற்றுகையைச் சமாளித்தது இந்த ஊர்க் கோட்டைக்குள்ளேதான். வாசலின் மேல்மாடி அறையில் அவன் தங்கியிருந்ததாகவும் சொல்வதுண்டு.

நான் பக்கத்து ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் சரித்திரம் போதிக்கிறவன். வருஷத்துக்கு ஒரு முறை பிள்ளைகளை இந்த வாசலுக்கு அழைத்துக்கொண்டு போவது என் வழக்கம். பிள்ளைகளுக்கு முற்றுகையைக் காட்டிலும் வேர்க்கடலையில்தான் சிரத்தை அதிகம் என்பதை நான் அறிவேன். ஆனாலும் ஒரு தடவை, கடலையைக் கொறித்துக்கொண்டிருந்த ஒரு பையன் திடீரென்று கேட்டான்:

"ஸார், கிளைவ் கம்பெனிக்குக் கணக்கு எழுத வந்தவன்தானே? அப்புறம் 'லார்டு கிளைவ்' என்று எப்படி ஆனான்? லார்டு ஆவதற்கு என்ன வேலை செய்ய வேண்டும்?"

"ராஜா கொடுத்த பட்டம், அப்பா" என்று சொல்லி வைத்தேன்.

"ராஜா எதற்காகக் கொடுத்தார்?" என்றான்.

மணி ஆகிவிட்டது என்று சொல்லி எல்லோரையும் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். இருபது வருஷமாகச் சரித்திரம் சொல்லிக் கொடுக்கும் வாத்தியாருக்கு மணி ஆகிவிடுவதைப் போல் உதவி செய்யக்கூடியது உலகத்தில் வேறொன்றும் இல்லை. ஆனால் அந்தக் கேள்வி மட்டும் என்னை விடவில்லை.

சிலையும் கம்பளமும்

என் தமக்கை மகன் இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரத்தில் உத்தியோகமாயிருக்கிறான். "மாமா, ஒரு கோடை லீவுக்காவது வந்து போங்கள்" என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தான். போனேன். போனவனை அவன் லண்டனுக்கு அழைத்துப் போக ஏற்பாடு செய்தான். நான் வேல்ஸ் தேசத்துக்குப் போக வேண்டும் என்றேன்.

"வேல்ஸில் என்ன இருக்கிறது, மாமா?"

"நம்முடைய ஆற்காடு கொஞ்சம் அங்கே இருக்கிறது" என்றேன். மாமாவுக்கு வயதாகிவிட்டது என்று எண்ணிக்கொண்டானோ என்னவோ, மறு பேச்சுப் பேசாமல் டிக்கெட் வாங்கிக் கொடுத்தான்.

ரயில் மேற்கே போகப் போக ஆலைப் புகைக் கூண்டுகளும் செங்கல் வீடுகளும் குறைந்து, வேலி போட்ட பசும்புல் வெளிகள் தோன்றின. வழியில் ஷ்ரூஸ்பரி என்ற பழைய நகரத்தில் இரண்டு மணி நேரம் இறங்கிக்கொண்டேன். அந்த ஊரின் சதுக்கத்தில் கிளைவின் வெண்கலச் சிலை 1860 முதல் நிற்கிறது. அவன் அந்த ஊருக்குப் பார்லிமெண்டு மெம்பராகவும் ஒரு சமயம் மேயராகவும் இருந்தவன். 2020-ம் வருஷத்தில் அந்தச் சிலையை எடுத்துவிட வேண்டும் என்று ஆயிரக்கணக்கானவர்கள் கையெழுத்திட்டார்கள். ஜில்லா கவுன்சில் கூடி விவாதித்து, இருக்கட்டும் என்று தீர்மானம் செய்தது. நான் போனபோது சிலையின் காலடியில் இரண்டு பிள்ளைகள் ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தார்கள். எங்கள் ஊர் டில்லி கேட்டில் கடலை, இங்கே ஐஸ்கிரீம். சரித்திரத்தின் கதி எல்லா தேசத்திலும் ஒன்றுதான்!

கிளைவ் பிறந்தது இந்த ஜில்லாவில்தான். 1725-ல், ஸ்டைச் என்ற சிறு பண்ணையில். பழைய குடும்பம், ஆனால் கையில் காசில்லை. பதினெட்டாம் வயதில் 1744-ல் சென்னைப்பட்டணத்தில் வந்து இறங்கினான். கம்பெனியில் 'ரைட்டர்' உத்தியோகம். வருஷச் சம்பளம் 5 பவுன். பதினாறு வருஷம் கழித்து 1760-ல் அவன் ஊர் திரும்பியபோது கொண்டு போன ஆஸ்தி சுமார் 3 லட்சம் பவுன் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதில் பெரும் பங்கு, 1757-ல் பிளாசி யுத்தத்துக்குப் பிறகு வங்காளத்து நவாபாக வைக்கப்பட்ட மீர் ஜாபர் கொடுத்த 2,34,000 பவுன். அது போதாதென்று வருஷம் 27,000 பவுன் வருமானமுள்ள ஒரு ஜாகீரும் எழுதி வாங்கிக்கொண்டான். யாரை எஜமானன் என்று வேலைக்குச் சேர்ந்தானோ, அந்தக் கம்பெனியே வருஷா வருஷம் அவனுக்கு அந்தக் குத்தகைப் பணத்தைக் கட்ட வேண்டியதாயிற்று!

இவ்வளவு பணம் இருந்தும் ஷ்ரூஸ்பரியில் அவனுக்கு ஒரு மனக்குறை. பணம் இருந்தது, பெயர் இல்லை.

ஐந்து படிகள்

இங்கே பட்டங்களின் சமாசாரத்தைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். அது தெரியாவிட்டால் மேலே வருவது விளங்காது.

பிரிட்டிஷ் பிரபுக்களில் ஐந்து படிகள் உண்டு. உச்சியில் டியூக், அதற்குக் கீழே மார்க்விஸ், பிறகு ஏர்ல், பிறகு வைகவுண்ட், கடைசியில் பாரன். டியூக்கைத் தவிர மற்ற நால்வரையும் பேச்சில் 'லார்டு' என்று சொல்லிவிடலாம். பட்டம் அரசனுடைய சாசனத்தால் ஏற்படுவது. அந்தச் சாசனத்திலேயே அது யார் யாருக்கு இறங்கும் என்றும் எழுதியிருக்கும். அநேகமாக எல்லாவற்றிலும், மூத்த மகனுக்கு மட்டும்.

இந்த 'மூத்த மகனுக்கு மட்டும்' என்பதில்தான் சூட்சுமம் முழுவதும் இருக்கிறது. நம் குடும்பங்களில் தகப்பனார் காலமானால் பிள்ளைகள் நாலு பேர் நாலு பாகம் கேட்பார்கள். இரண்டு தலைமுறையில் நூறு காணி நிலம் வரப்பு வரப்பாகப் போய்விடும். அவர்களோ பட்டத்தையும் மாளிகையையும் நிலத்தையும் ஒரே முடிச்சாகக் கட்டி மூத்தவன் கையில் கொடுத்தார்கள். அவனும் அதை விற்றுவிட முடியாதபடி, பிறக்காத பேரனுக்காக முன்கூட்டியே பத்திரம் எழுதி வைத்தார்கள். மூத்தவன் உண்மையில் சொந்தக்காரனே அல்ல. தன் ஆயுள் வரைக்கும் அனுபவிக்கிறவன், அவ்வளவுதான். அதனால்தான் நூற்றுக்கணக்கான வருஷங்கள் எஸ்டேட்டுகள் துண்டாகாமல் நின்றன. 1870-களில் எடுத்த கணக்குப்படி, பிரிட்டிஷ் தீவுகளின் நிலத்தில் ஐந்தில் நாலு பங்கு ஏழாயிரம் பேருக்கும் குறைவானவர்களிடம் இருந்தது.

இளைய பிள்ளைகளின் கதி என்ன? சட்டப்படி அவர்கள் சாதாரணப் பிரஜைகள். பட்டாளத்துக்கோ, மாதா கோவிலுக்கோ, கோர்ட்டுக்கோ போனார்கள். கடல் கடந்து இந்தியாவுக்கும் வந்தார்கள். அங்கே சம்பாதித்தவன் திரும்பிப் போய், பணம் கரைந்துபோன பழைய குடும்பத்தில் பெண் எடுத்தான். பழைய குடும்பத்துக்குப் பணம். புதிய பணத்துக்குப் பழைய பெயர். கதவு சாத்தியிருப்பதுபோல் தோன்றும். சாவியைப் பொன்னால் செய்தவனுக்கு மட்டும் திறக்கும்.

கிளைவுக்கு 1762-ல் கிடைத்தது 'பிளாசியின் பாரன் கிளைவ்' என்ற பட்டம். ஆனால் அது அயர்லாந்துப் பட்டம்! அதை வைத்துக்கொண்டு லண்டனில் பிரபுக்கள் சபையில் உட்கார முடியாது. அவன் அயர்லாந்தில் நிலம் வாங்கி அதற்குப் 'பிளாசி' என்று பெயர் வைத்தான். வங்காளத்து மாந்தோப்பின் பெயர் ஐரிஷ் ஆற்றங்கரையில் இன்றும் வழங்குகிறது; அங்கே இப்போது ஒரு சர்வகலாசாலை இருக்கிறது. வால்காட் எஸ்டேட்டை வாங்கினான்; கிளேர்மாண்ட் எஸ்டேட்டை வாங்கினான்; அங்கிருந்த மாளிகையை இடித்துவிட்டுப் புது மாளிகை எழுப்பத் தொடங்கினான். 1773-ல் பார்லிமெண்டு அவனுடைய செல்வம் வந்த வழியைக் குறித்து விசாரணை நடத்தியது; கடைசியில் நாட்டுக்குப் பெரும் சேவை செய்தான் என்றும் சேர்த்துத் தீர்மானித்தது. அடுத்த வருஷம் நவம்பரில், லண்டன் வீட்டில், நாற்பத்தொன்பதாம் வயதில் இறந்துபோனான். பிறந்த கிராமத்து மாதா கோவிலில் பெயர் பொறிக்காத குழியில் புதைத்தார்கள். பெயருக்காக அத்தனை பாடுபட்டவனுடைய குழியில் பெயர் இல்லை!

அவன் தேடிய பெயர் அவன் மகனுக்குக் கிடைத்தது. அது கிடைத்த இடத்தைப் பார்க்கத்தான் நான் போய்க்கொண்டிருந்தேன்.

செங்கோட்டை

வெல்ஷ்பூல் சிறிய ஊர். ஸ்டேஷனிலிருந்து கடைத்தெரு வழியாக நடந்து, மான்கள் மேயும் ஒரு பெரிய சோலைக்குள் புகுந்து, ஏறக்குறைய ஒரு மைல் போனால் போவிஸ் கோட்டை. பருத்த ஓக் மரங்கள். அவற்றின் நிழலில் மான் கூட்டம். திடீரென்று மரங்கள் விலகியதும், குன்றின் மேல் சிவந்த கல்லால் ஆன கோட்டை. வெல்ஷ் பாஷையில் இதன் பழைய பெயருக்குச் 'சிவப்புக் கோட்டை' என்றே அர்த்தம். நமக்குத் தென்காசிப் பக்கத்தில் ஒரு செங்கோட்டை, டில்லியில் ஒரு செங்கோட்டை, இது மூன்றாவது.

முற்றத்துக்குள் நுழைந்ததும் என்னை வரவேற்றது ஒரு மயில். தோகையை இழுத்துக்கொண்டு சாவதானமாக நடந்து வந்து, என்னை ஏற இறங்கப் பார்த்து, ஒரு கத்துக் கத்தியது. எட்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தாண்டி வந்து நம் முருகன் வாகனத்தைப் பார்த்ததில் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்ல முடியாது.

இந்தக் கோட்டையைப் பதின்மூன்றாம் நூற்றாண்டில் கட்டியவன் ஒரு வெல்ஷ் அரசன். அவன் மகன் இங்கிலாந்து அரசனுக்குப் பணிந்து, 'அரசன்' என்ற பெயரை விட்டுக் கொடுத்து, 'பாரன்' என்ற பெயரைப் பெற்றுக்கொண்டான். ஆக, இந்த வீட்டில் முதல் பட்டமே ஒரு ராஜ்யத்தை விட்டுக் கொடுத்ததற்கு வாங்கிய ரசீது! 1587-ல் ஸர் எட்வர்ட் ஹெர்பர்ட் என்பவன் கோட்டையை வாங்கினான். அவன் பெம்ப்ரோக் ஏர்லின் இரண்டாவது மகன். மூத்தவனுக்குப் பட்டம் போய்விட்டபடியால் தனக்கென்று ஒரு வீடு தேடிக்கொண்டான். அவன் வம்சம் மெள்ள மெள்ளப் படியேறியது: 1629-ல் பாரன்; 1674-ல் ஏர்ல்; 1687-ல் மார்க்விஸ். மறு வருஷமே ராஜா இரண்டாம் ஜேம்ஸ் சிம்மாசனத்தை இழந்து பிரான்ஸுக்கு ஓட, விசுவாசமுள்ள மார்க்விஸும் கூடவே போனான், கோட்டை பறிபோயிற்று. குடும்பத்துக்கு அது திரும்பக் கிடைக்க 1722 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கோட்டைக்குக் கீழே தோட்டம். பாறையைப் படிப்படியாக வெட்டி, இத்தாலிய மோஸ்தரில் அமைத்த நீண்ட மேடைகள். ஈயத்தால் வார்த்த ஆட்டிடையர், இடைச்சியர் பொம்மைகள். ஊதாப் பூங்கொத்துகள் சரம் சரமாகத் தொங்கும் கொடிகள். முன்னூறு வருஷத்து 'யூ' மரங்கள் யானைக் கூட்டம் படுத்திருப்பதைப்போல் சுவரின் மேல் சரிந்து கிடக்கின்றன. தூரத்தில் நீல மலைகள். சத்தியமாகச் சொல்கிறேன்: இவ்வளவு அழகான தோட்டத்தை நான் பார்த்ததில்லை. சண்டைக்குப் போனவன், எதிரியின் வீட்டுக் காப்பி நன்றாயிருக்கிறது என்று கண்டால் எப்படியிருக்குமோ, அப்படியிருந்தது எனக்கு.

உள்ளே 1593-ம் வருஷத்து நீண்ட கூடம். ராஜா வந்தால் தங்குவதற்கென்று ஒரு படுக்கையறை. கட்டிலைச் சுற்றி நம் கோவில் கர்ப்பக்கிருகத்துக்கு முன்னால் இருப்பதுபோல் ஒரு கிராதி. சுவரெல்லாம் பிரபுக்களும் சீமாட்டிகளும் படங்களிலிருந்து பார்க்கிறார்கள். ஒவ்வொரு அறையிலும் சம்பளமில்லாமல் சேவை செய்யும் ஒரு வயதான பெரியவரோ அம்மாளோ உட்கார்ந்து, கேட்டதற்குப் பொறுமையாகப் பதில் சொல்கிறார்கள்.

ஓர் அம்மாள் என்னிடம், "எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள்?" என்று கேட்டாள்.

"ஆற்காடு" என்றேன்.

அவள் முகம் மலர்ந்தது. "ஓ! கிளைவின் ஆற்காடா?"

"இல்லை, அம்மா. எங்கள் ஆற்காடுதான். கிளைவ் ஐம்பது நாள் தங்கியிருந்தார்" என்றேன்.

ஒரு விநாடி யோசித்துவிட்டு அந்த அம்மாள் வாய்விட்டுச் சிரித்தாள். "அப்படியானால் அந்த அறையை நீங்கள் அவசியம் பார்க்க வேண்டும்" என்று வழி காட்டினாள்.

கல்யாணம்

அந்த அறைக்குப் போகுமுன் ஒரு கல்யாணக் கதை.

ராபர்ட் கிளைவின் மூத்த மகன் எட்வர்ட். தகப்பன் விட்டுப்போன எஸ்டேட்டுகளும் பணமும் அவனிடம் இருந்தன. போவிஸ் கோட்டையிலோ அப்போது பிரபுவாயிருந்த ஜார்ஜ் ஹெர்பர்ட் கலியாணம் செய்து கொள்ளவில்லை. கடன் மட்டும் செய்தான். அவனுடைய சகோதரி ஹென்ரியெட்டாவை 1784-ல் எட்வர்ட் கிளைவ் மணந்தான். 1801-ல் ஜார்ஜ் சந்ததியில்லாமல் இறந்ததும் போவிஸ் ஏர்ல் பட்டம் அவனோடு அணைந்துபோயிற்று. கோட்டை மட்டும் சகோதரியின் மகனுக்கு என்று உயில். அதில் ஒரு நிபந்தனை: பையன் 'கிளைவ்' என்ற குடும்பப் பெயரை விட்டுவிட்டு 'ஹெர்பர்ட்' என்று வைத்துக்கொள்ள வேண்டும். 1807-ல் அவன் அப்படியே செய்தான்.

பையனின் தகப்பன் எட்வர்டுக்கு 1804-ல், அணைந்துபோன அந்தப் போவிஸ் ஏர்ல் பட்டத்தையே ராஜா புதிதாக ஏற்றிக் கொடுத்தார். இடையில், 1798 முதல் 1803 வரை, அவன் எங்கே இருந்தான் தெரியுமா? நம் சென்னைப்பட்டணத்தில், கவர்னராக!

பள்ளிக்கூடத்துச் சரித்திரப் புஸ்தகத்தில் இந்த எட்வர்டுக்கு அரை வரிகூட இல்லை. ஆனால் அவன் கவர்னராயிருந்த ஐந்து வருஷத்தில் தென்னாட்டில் நடந்தவை என்னென்ன? 1799 மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்பு சுல்தான் மாண்டான். அதே வருஷம் அக்டோபர் 16-ந் தேதி கயத்தாற்றில் வீரபாண்டியக் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். 1801 ஜூலையில் ஆற்காட்டு நவாபிடமிருந்து கர்நாடக ராஜ்யத்தின் நிர்வாகத்தைக் கம்பெனி எழுதி வாங்கிக்கொண்டது; நவாபுக்கு வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு. அந்த அக்டோபரில் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். யுத்தங்களுக்குத் திட்டமிட்டவன் கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லிதான். எட்வர்ட் பெரும்பாலும் தலையசைத்துக் கையெழுத்திட்டவன். ஆனால் ஜெயித்த கட்சியில் கையெழுத்திட்டவனுக்கும் பங்கு உண்டு.

சென்னையில் இன்று ராஜாஜி ஹால் என்று நாம் சொல்லும் மண்டபத்தைக் கட்டுவித்தவனும் இவனே. பிளாசி வெற்றிக்கும் ஸ்ரீரங்கப்பட்டணத்து வெற்றிக்கும் ஞாபகார்த்தமாக 1802-ல் அது முடிந்தது. ஒன்று தகப்பன் ஜெயித்தது. மற்றொன்று மகன் காலத்தில் ஜெயித்தது. மண்டபத்துக்குக் கடைசியில் ஒட்டிக்கொண்ட பெயர் யாருடையது என்பதை எட்வர்டின் ஆவி பார்த்தால் என்ன நினைக்குமோ!

ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கதையில் பட்டம் பெற்றவன் இவன் ஒருவன் மட்டுமல்ல. படையை நடத்திய ஜெனரல் ஹாரிஸுக்கு 1815-ல் 'ஸ்ரீரங்கப்பட்டணம், மைசூர் இவற்றின் பாரன் ஹாரிஸ்' என்று பட்டம். கென்ட் ஜில்லாவில் அவன் மாளிகை. காவேரித் தீவின் பெயரைச் சொல்லிக்கொண்டு அவன் வம்சம் பிரபுக்கள் சபையில் உட்கார்ந்தது.

அந்த அறை

நடன மண்டபத்தை ஒட்டிய அறை அது. கிளைவ் குடும்பத்தார் கொண்டுவந்த சாமான்களை 1987-ல் இங்கே காட்சிக்கு வைத்தார்கள். உள்ளே வெளிச்சம் மங்கல். கண் பழகியதும் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பிக்கிறது. தங்கத் தகடு போர்த்து, மாணிக்கமும் வைரமும் மரகதமும் பதித்த ஒரு புலித் தலை. திப்புவின் சிம்மாசனத்தில் இருந்த சின்னப் புலித் தலைகளுள் ஒன்று. கைப்பிடியில் வேலைப்பாடு செய்த வாள்கள். தந்தச் சதுரங்கக் காய்கள். ஹிந்து தெய்வ விக்கிரகங்கள். பிளாசிப் போர்க்களத்தில் ஸிராஜ் உத்தௌலா விட்டுவிட்டு ஓடியது என்று சொல்லப்படும் பல்லக்கு. திப்புவின் செருப்பு.

பிறகு, கூடாரம். திப்பு சுல்தானுடைய பாசறைக் கூடாரம். வெள்ளைத் துணியில் சிவப்பும் பச்சையுமாகப் பூஞ்சாடிகள் அச்சிட்ட சீட்டித் துணி. சாயம் இன்னும் மங்கவில்லை. இதைப் பிற்காலத்தில் இந்த வீட்டார் தோட்டத்து விருந்துகளுக்குப் பந்தலாகப் போட்டார்களாம். புலித் தலையைப் பார்த்தபோது எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் கூடாரத்துக்கு முன்னால் கோபம்கூட வரவில்லை. ஒரு மனிதன் தன் நாட்டைக் காக்கப் போனபோது தலைக்கு மேலே இருந்த துணி அது. அதன் கீழே உட்கார்ந்து தேநீர் அருந்தியிருக்கிறார்கள். அருந்தியவர்கள் பொல்லாதவர்களாக இருந்திருக்க வேண்டும் என்பதில்லை. அது எங்கிருந்து வந்தது என்பது அவர்களுக்கு ஒரு விஷயமாகவே தோன்றவில்லை, அவ்வளவுதான். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். இந்தச் சேகரத்தில் ஒரு பகுதி ஹென்ரியெட்டா சீமாட்டி ஆசையோடு தேடிச் சேர்த்தது. அவள் சாமானியப் பெண் அல்ல. பாரசீகம் கற்றாள், செடிகளும் கிளிஞ்சல்களும் கற்களும் சேகரித்தாள். 1800-ம் வருஷம் மார்ச்சு மாதம் இரண்டு பெண்களையும் அழைத்துக்கொண்டு சென்னையிலிருந்து புறப்பட்டு, வேலூர், பெங்களூர், ஸ்ரீரங்கப்பட்டணம், கோயமுத்தூர், திருச்சி, தஞ்சாவூர் என்று ஏழு மாதம், ஆயிரம் மைலுக்கு மேல் சுற்றி வந்தாள். இளைய பெண் சார்லட்டுக்கு அப்போது பன்னிரண்டு வயது. அந்தக் குழந்தை எழுதிய பிரயாணக் குறிப்பு இன்றும் இருக்கிறது. பின்னாளில் அவள் நார்தம்பர்லாந்து டியூக்கின் மனைவியாகி, சிறுமி விக்டோரியாவுக்கு ஆசிரியையாகவும் நியமிக்கப்பட்டாள். 'கிளைவியா' என்ற ஆரஞ்சு நிறப் பூச்செடியை நம் ஊட்டியிலும் பார்க்கலாம். அது அவள் பெயரால் வழங்குவது. உயிலால் குடும்பத்தில் மறைந்த 'கிளைவ்' என்ற பெயர் ஒரு பூவில் போய் ஒளிந்துகொண்டது.

காலனுக்குக் கட்டிய வரி

இவ்வளவு கெட்டியாகக் கட்டிய முடிச்சும் அவிழ்ந்தது. 1880-க்கு முன்னால் போவிஸ் ஏர்லுக்கு இரண்டு ஜில்லாக்களிலுமாகச் சுமார் 60,000 ஏக்கர் நிலம் இருந்தது. பிறகு அமெரிக்காவிலிருந்து மலிவான கோதுமை வந்து இறங்கியதும் எங்கும் குத்தகை வீழ்ந்தது. 1894-ல் இறந்தவர் சொத்துக்கு வரி ஏற்பட்டது. ஆரம்பத்தில் மிகப் பெரிய சொத்துக்கே நூற்றுக்கு 8 பங்குதான். 1949-ல் அது 80-ஆக ஏறிவிட்டது! மறு வருஷம் டெவன்ஷயர் டியூக் இறந்தபோது, அவர் குடும்பம் அந்த வரிக்காக நிலங்களையும் சித்திரங்களையும் விற்று, ஹார்ட்விக் என்ற புராதன மாளிகையையே அரசாங்கத்திடம் ஒப்படைக்க நேர்ந்தது. நம் மாகாணத்தில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது 1948-ல். நாம் ஒரே சட்டத்தால் செய்ததை அவர்கள் வரி கட்டச் சொல்லியே செய்துவிட்டார்கள்.

போவிஸில் காலன் வேறு வழியாகவும் வந்தான். நாலாவது ஏர்லுக்கு இரண்டு குமாரர்கள். மூத்தவர் 1916-ல் ஸோம் போர்க்களத்துக் காயத்தால் மாண்டார். இளையவர் 1943-ல் விமான விபத்தில் மாண்டார். இளையவருக்கு ஒரு பெண் குழந்தை இருந்தது. ஆனால் ஏர்ல் பட்டம் பெண்ணுக்கு இறங்காது. அது ஒன்றுவிட்ட உறவினருக்குப் போயிற்று. பாட்டி வழியில் வந்த இன்னொரு பழைய பாரன் பட்டம் பெண்ணுக்கும் இறங்கக்கூடியது. நாலு வயதுக் குழந்தைக்கு அது வந்து சேர்ந்தது. ஒரே வீட்டில் ஒரு சாசனம் பெண்ணைத் தள்ளியது; மற்றொரு சாசனம் அவளை ஏற்றது.

கிழவர் 1952-ல் காலமானபோது, கோட்டையையும் தோட்டத்தையும் நேஷனல் டிரஸ்ட் என்ற தர்ம ஸ்தாபனத்துக்கு எழுதி வைத்துவிட்டார். அதனால்தான் டிக்கெட் வாங்கினால் ஆற்காட்டு வாத்தியாரும் உள்ளே போகலாம். 1999-ல் பரம்பரைப் பிரபுக்களில் 92 பேரைத் தவிர மற்றவர்கள் பிரபுக்கள் சபையில் இருந்த பிறப்புரிமையையும் இழந்தார்கள். 2020-ல் அந்த டிரஸ்டே தன் வசமுள்ள மாளிகைகளில் எவையெவை அடிமை வியாபாரத்தோடும் அந்நிய ஆதிக்கத்தோடும் சம்பந்தப்பட்டவை என்று பட்டியல் வெளியிட்டது. போவிஸ் அதில் உண்டு. உள்ளூரில் பலருக்கு அது பிடிக்கவில்லை. வீட்டுக் கணக்கைத் தானே எடுத்துப் பார்ப்பதென்றால் யாருக்குத்தான் பிடிக்கும்? ஆனாலும் பார்த்தார்கள்; அதை நாம் மெச்சத்தான் வேண்டும்.

மாலையில் மான் சோலை வழியாகத் திரும்பி நடந்தேன். போவிஸ் ஏர்லின் மூத்த மகனுக்குத் தகப்பன் காலத்தில் வழங்கும் மரியாதைப் பெயர் ஒன்று உண்டு: 'வைகவுண்ட் கிளைவ்'. வீட்டுக்குள் வர வேண்டுமானால் கிளைவ் என்ற பெயரை வாசலில் கழற்றி வைக்கச் சொன்னார்கள். இரண்டு தலைமுறைக்குள் அதே பெயரை எடுத்துப் பிள்ளைக்கு அணிகலனாகப் பூட்டிவிட்டார்கள். பணம் பழசாகிவிட்டது, வெட்கமும் பழசாகிவிட்டது.

ஊர் திரும்பி, பள்ளிக்கூடம் திறந்த முதல் வாரத்தில் அந்தப் பையனைக் கூப்பிட்டேன். அவன் ஒரு வகுப்பு மேலே போயிருந்தான். கேள்வியை அடியோடு மறந்திருந்தான். ஞாபகப்படுத்தினேன்.

"லார்டு ஆவதற்கு ஒரு வேலையும் செய்ய வேண்டாம், அப்பா. கிளைவ் சம்பாதித்தான், அது எப்படி என்று உனக்குத் தெரியும். அந்தப் பணம் நிலமாயிற்று; நிலம் சம்பந்தம் தேடியது; சம்பந்தத்தில் பெயர் கிடைத்தது. பிள்ளை பிறந்தால் பதினோராம் நாள் பெயர் வைக்கிறோமே, அந்த மாதிரி பணத்துக்கு நடக்கும் நாமகரணம்தான் பட்டம். பெயர் வைத்த பிறகு யாரும் குழந்தையை, 'நீ எங்கிருந்து வந்தாய்?' என்று கேட்பதில்லை" என்றேன்.

பையன் சற்று யோசித்தான். "நாம் கேட்கலாமா, ஸார்?" என்றான்.

"நீதான் கேட்டாயே!" என்றேன்.

மணி அடித்தது. அன்றைக்கு அதை எதிர்பார்த்து நான் காத்திருக்கவில்லை.